தலை மாறினால் ஆள் மாறுவான்

சென்ற நவராத்திரியின் ஆறாம் நாள் மாலையில், பெங்களூர் அல்சூரில் என் அக்கா வீட்டுக் கூடத்தில் இரண்டு பொம்மைக் கூட்டங்கள் எதிரெதிரே இருந்தன. ஒருபுறம் ஏழு படிக் கொலு. மறுபுறம், சாப்பாட்டு மேசையின் மேல் மூன்றடிக்கு மூன்றடி விரித்த, பனி மூடிய இடிபாட்டு நகரம். அதில் நானும் அத்தானும் ஒரு மேசைப் போர் விளையாட்டுக்காக நகர்த்திக்கொண்டிருந்த இருபது சிறு வீரர்கள். வெற்றிலை பாக்கு வாங்க வந்தவர்கள் கொலுவைப் பார்த்துவிட்டு எங்கள் மேசையையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அக்கா மகளுக்கு ஒன்பது வயது. கையில் சுண்டல் தொன்னையோடு வந்து நின்றவள், என் படையின் வில்லாளியை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "மாமா, இவன் போன வாரம் செத்துப்போயிட்டான்னு சொன்னீங்களே, எப்படித் திரும்பி வந்தான்?"

"அது வேற ஆளும்மா. இவன் புதுசாச் சேர்ந்தவன்" என்றேன். அவள் குனிந்து முகத்தைப் பார்த்தாள். "அதே மூஞ்சிதானே இருக்கு?" கொலுவின் மேற்படியில் நின்ற மரப்பாச்சி ஜோடியைக் காட்டி, அவற்றுக்கு ஒவ்வொரு வருஷமும் வேறு வேறு துணி உடுத்தி வேறு வேறு ராஜா ராணி ஆக்குகிறோம் இல்லையா, அதைப் போலத்தான் இதுவும் என்று விளக்கினேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "மரப்பாச்சி சாகலையே மாமா. கடைசி நாள் படுக்க வெச்சுத் தூங்கத்தானே வைக்கறோம்?" அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை, சுண்டலைத் தின்று முடித்துவிட்டு விளையாடப் போய்விட்டாள். ஐப்பசி மழை முடிகிற வரைக்கும் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

அது என்னை அவ்வளவு தைத்ததற்குக் காரணம், மரப்பாச்சியை நான் பேச்சுக்காகச் சொல்லவில்லை என்பதுதான். வீரர்களைக் கட்டத் தொடங்கிய நாளிலிருந்தே என் மனத்தில் இருந்த மாதிரி உருவம் அதுவே. செம்மரத்தில் செதுக்கிய, எந்த ஆடையையும் ஏற்கும், எவராகவும் ஆகக்கூடிய பொம்மை. எங்கள் தெருவில் இருக்கும் கன்னட வீடுகளில் அதையே பட்டத கொம்பெ என்று சொல்லித் தசராவுக்குப் புதுப் பட்டு உடுத்துகிறார்கள். ஒன்றும் சொல்லாமல் நிற்கும் ஓர் உடல்தான் எதையும் சொல்ல இடம் கொடுக்கும் என்று நான் நம்பியிருந்தேன். என் வீரர்களையும் அப்படியே கட்டினேன்.

பத்துப் பேருக்குள் ஒரு படை

நாங்கள் விளையாடுவது ஃப்ராஸ்ட்கிரேவ். 2015இல் ஆஸ்ப்ரே கேம்ஸ் என்ற நிறுவனம் வெளியிட்டது. உறைந்து கிடந்து உருகத் தொடங்கிய நகரத்தில் புதையல் தேடும் மந்திரவாதி ஒருவர், அவருடைய சீடர் ஒருவர், கூலிக்கு அமர்த்திய எட்டு வீரர்கள் என்று பத்துப் பேருக்குள் படை அடங்கிவிடும். நூறு உருவங்களை வரிசையாக நிறுத்த வேண்டிய பெரும்போர் விளையாட்டுகளோடு ஒப்பிட்டால், வேலைக்குப் போகிறவர்கள் முடித்துப் பார்க்கக்கூடிய அளவு இது. ஆனால் அந்த எட்டு இடங்களுக்கு அடியாள், திருடன், காலாள், வில்லாளி, குறுக்குவில்லாளி, கவசவீரன், தடம் பார்ப்பவன், புதையல் தேடுபவன், மருத்துவன் என்று பல வகையினர் போட்டியிடுகிறார்கள். 2020இல் வந்த இரண்டாம் பதிப்பில் அடியாளும் திருடனும் கூலியில்லாமலே கிடைப்பார்கள். சிறப்பு வீரர்கள் நான்கு பேருக்கு மேல் கூடாது. ஆகவே கையில் பொன் சேரச் சேர, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் படையின் அமைப்பு மாறிக்கொண்டே இருக்கும்.

இதோடு, இந்தப் பொழுதுபோக்கில் ஊறியவர்கள் எல்லாரும் மதிக்கும் ஒரு வழக்கமும் உண்டு: கண்ணில் படுவதே கணக்கு. கையில் வாள் பிடித்தவனை வில்லாளி என்று சொல்லி ஆடக் கூடாது. எதிரே இருப்பவர் மேசையைப் பார்த்த உடனே யார் எங்கிருந்து அம்பு விட முடியும் என்று தெரிந்துகொள்ள வேண்டும், அது மரியாதை. அப்படியானால் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி உருவம் செய்ய வேண்டும், அல்லது ஒரே உருவம் பல வகைகளாக மாற வேண்டும். ரெசினால் முப்பரிமாண உருவங்களை அச்சிடும் பிரிண்டர் வந்த பிறகு முதல் வழி எளிதாகிவிட்டது, வேண்டிய உருவத்தை வேண்டிய ஆயுதத்தோடு அச்சிட்டுக்கொள்ளலாமே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அச்சிடுவது எளிதுதான். ஆனால் எனக்கு ஓர் உருவத்துக்கு வண்ணம் தீட்ட ஆறு மணி நேரம் ஆகிறது. வாரத்தில் எனக்குக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும். முப்பது வீரர்களை அரைகுறையாகத் தீட்டுவதைவிட எட்டுப் பேரை நிறைவாகத் தீட்டவே விரும்பினேன்.

இந்தப் பிளாஸ்டிக் உருவங்கள் உடல், கை, தலை என்று தனித்தனித் துண்டுகளாக வருபவை; தோளில் காந்தம் வைத்துக் கைகளைக் கழற்றி மாட்டுவது அனைவரும் அறிந்த வழி. எஸ்.பி. ரோட்டில் மின்னணுப் பொருட்கள் விற்கும் ஒரு சிறு கடையில் 2 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. தடிமனும் கொண்ட நியோடிமியக் காந்தங்களை ஐம்பது ஐம்பதாக வாங்கி வந்தேன். தோளின் வெட்டுமுகத்தில் ஊசியால் ஒரு புள்ளி குத்தி, கைத்துளைப்பானை விரல்களால் மெல்லத் திருகிக் குழி எடுக்க வேண்டும். புள்ளி குத்தாமல் தொடங்கினால் துளைமுனை வழுக்கி மார்புக் கவசத்தைக் கீறிவிடும். பிளாஸ்டிக் சிமெண்ட் என்ற பசை, உருவங்களின் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கையே உருக்கி ஒன்றோடொன்று இணைப்பதால் கால்களையும் உடலையும் ஒட்ட அதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் காந்தம் உலோகம், அது உருகாது, ஆகவே அங்கே ஃபெவிக்விக்தான். எல்லா உடல்களிலும் வெளியே தெரிவது ஒரே துருவமாகவும், எல்லாக் கைகளிலும் அதற்கு எதிர்த் துருவமாகவும் இருக்க வேண்டும். இதற்கு ஒரு ஐஸ்கிரீம் குச்சியின் முனையில் ஒரு காந்தத்தை ஒட்டி, அதில் கவ்விக்கொள்ளும் பக்கத்தை மட்டும் மையால் குறித்துக்கொள்வேன். இந்த ஒழுங்கைக் கடைப்பிடித்தால் எவன் கையும் எவன் தோளிலும் நிற்கும். முதல் நாள் அவசரத்தில் ஒருவனுக்கு மட்டும் மாற்றி வைத்துவிட்டேன். அவன் தோள் அருகே எந்தக் கையைக் கொண்டுபோனாலும் அது விலகி ஓடியது. காய்ந்த பசையிலிருந்து காந்தத்தை எடுக்க அந்தத் தோளையே குடைய வேண்டியிருந்தது.

வில் இதற்கு அடங்காது. நாண் இழுக்கும் கையும் வில் பிடிக்கும் கையும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தினால்தான் அது வில்லாளி. இரண்டும் தனித்தனிக் காந்தத்தில் தொங்கினால் அது கைகளை விரித்து நிற்கும் மனிதன். நான்கைந்து முறை முயன்ற பிறகு நான் வந்து சேர்ந்த முடிவு இது: வில்லைக் கையில் கொடுக்காமல் முதுகில் மாட்டி, இடுப்பில் அம்பறாத்தூணியையும் கையில் ஒரே ஓர் அம்பையும் கொடுப்பது. தூரத்திலிருந்து பார்த்தாலும் அவன் வில்லாளி என்று தெரியும். அம்புக் கையைக் கழற்றித் தடி பிடித்த கையை மாட்டினால் தடம் பார்ப்பவன் ஆவான். கயிறும் விளக்கும் பிடித்த கையை மாட்டினால் புதையல் தேடுபவன். நேர்த்தியான தீர்வு என்று அப்போது பெருமைப்பட்டேன். இப்போதும் அதில் குறை சொல்ல மாட்டேன்.

வண்ணத்திலும் இதே கொள்கையைத்தான் வைத்திருந்தேன். சீருடை கூடாது, சின்னம் கூடாது, கண்ணைப் பறிக்கும் சிவப்பும் நீலமும் கூடாது. தோல் பழுப்பு, ஈரமண் நிறம், வெளுத்த சாம்பல், துருப்பிடித்த இரும்பு. எவனும் எவனாகவும் ஆகலாம். எட்டுப் பேரும் முடிந்து அலமாரியில் நின்றபோது, செலவழித்த ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வீணாகவில்லை என்று தோன்றியது.

பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

ரம்பம் எடுத்த இரவு

ஃப்ராஸ்ட்கிரேவில் அனுபவம் சேர்த்து வளர்வது மந்திரவாதி மட்டுமே. வீரன் வளர்வதில்லை. களத்தில் அவன் வீழ்ந்தால், ஆட்டம் முடிந்த பிறகு இருபது முகப் பகடையை அவனுக்காக ஒரு முறை உருட்ட வேண்டும்: ஒன்றிலிருந்து நான்கு வரை விழுந்தால் இறந்தான், ஐந்திலிருந்து எட்டு வரை என்றால் பலத்த காயம், அடுத்த ஆட்டத்துக்கு வர முடியாது, ஒன்பதும் அதற்கு மேலும் என்றால் தேறிவிட்டான். அதாவது வீழ்கிறவர்களில் ஐந்தில் ஒருவன் திரும்புவதில்லை. இறந்தவனின் இடத்துக்குக் கூலி கொடுத்து இன்னொருவனை அமர்த்துகிறோம். ஏட்டில் ஒரு வரியை அடித்துவிட்டு இன்னொரு வரி எழுதுவோம். மேசையில் அதே பொம்மையை எடுத்து வைப்போம். இந்த விளையாட்டில் இருக்கும் ஒரே உண்மையான இழப்பு அதுதான். அதை என் பொம்மைகள் அழித்துக்கொண்டிருந்தன. அக்கா மகள் ஒன்பது வயதில் கண்டதை நான் மூன்று ஆண்டுகள் விளையாடியும் காணவில்லை.

மரப்பாச்சி இறப்பதில்லை. விஜயதசமி இரவு அதைப் படுக்க வைத்து, மறுநாள் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து, அடுத்த ஆண்டு அதையே எடுக்கிறோம். பாட்டி கை பட்ட மரப்பாச்சி என்று நாம் சொல்லும்போது, எத்தனை உடை மாறினாலும் அது அதுவேதான் என்று ஒப்புக்கொள்கிறோம். உடை மாறுவது வேறு, ஆள் மாறுவது வேறு. நான் கைகளை மாற்றியபோது மாறியது வேலை மட்டுமே. அம்பு பிடித்தவன் விளக்குப் பிடிக்கலாம்; அது ஒருவன் வாழ்க்கையில் நடப்பதுதான். ஆனால் ஒருவன் இறந்து இன்னொருவன் வரும்போது மாற வேண்டியது கை அல்ல.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, வெளியே மழை பெய்துகொண்டிருந்தபோது, அந்த வில்லாளியை மேசை விளக்கின் கீழ் கிடத்தினேன். நகை வேலைக்காரர்கள் பயன்படுத்தும் மெல்லிய ரம்ப அலகைக் கழுத்தில் வைத்தேன். 28 மி.மீ. உயர உருவத்தில் கழுத்து என்பது மூன்று மி.மீட்டருக்குள் அடங்கும் ஒரு தண்டு. அதன் மேல் நான் இரண்டு மணி நேரம் செலவழித்துத் தீட்டிய முகம். இழுத்தால் ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்துக்கு முன் நான் காபி போட்டுக் குடித்தேன், கத்திகளைத் துடைத்தேன், அலகை மாற்றினேன். அறுத்தபோது பாதியில் பிளாஸ்டிக் விரிந்து, கழுத்துப்பட்டையின் ஒரு துண்டு உடைந்து எங்கோ தெறித்தது. தலையை மட்டும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். அது அவனாகவே இருந்தது. மேசையில் கிடந்த உடலைப் பார்த்தேன். அது எவனும் இல்லை. துண்டுகள் கோத்து வரும் பிளாஸ்டிக் சட்டகத்தில் மிஞ்சியிருந்த, வண்ணமே தீட்டாத சாம்பல் நிறத் தலை ஒன்றை வெட்டி அந்தக் குழியின் மேல் சும்மா வைத்தேன். உடனே அங்கே வேறொருவன் நின்றான், அதே கால்களில், அதே கவசத்தில், எனக்கு இன்னும் அறிமுகமாகாதவன்.

இந்த உருவங்கள் வரும் பெட்டிகளில் உடல்களைவிடத் தலைகள் அதிகமாக இருக்கும். மிஞ்சுவதை நாம் டப்பாவில் போட்டு மறந்துவிடுவோம். அன்றிரவு அந்த டப்பாவைக் கொட்டி எண்ணினேன். இருபத்தேழு பேர் இருந்தார்கள்.

கழுத்துக்குள் ஒரு குண்டூசி

தலைக்கும் காந்தமே வைக்கலாம் என்று தொடங்கிப் பிறகு மாற்றிக்கொண்டேன். உடலின் கழுத்துக் குழியில் காந்தம் இருந்தால் போதும். தலைக்குள் 3 மி.மீ. நீளத்தில் நறுக்கிய குண்டூசித் துண்டு போதும். இரும்பு எந்தத் துருவத்திலும் ஒட்டும் என்பதால் துருவக் கவலையே இல்லை. தலை மிக எடை குறைந்தது, அந்தப் பிடி அதற்குத் தாராளம். பித்தளைக் குண்டூசிகள் ஒட்டாது; நறுக்கும் முன் ஒவ்வொன்றையும் காந்தத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இந்த முறையில் எதிர்பாராமல் கிடைத்த நன்மை ஒன்று, தலையைத் திருப்ப முடிவது. ஒருவன் மூலைக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறான், இன்னொருவன் தோழனைத் திரும்பிப் பார்க்கிறான். வேறு எதையும் மாற்றாமல் நிலையே மாறிவிடுகிறது.

உடைந்த கழுத்துப்பட்டையை என்ன செய்வது என்பது மறுநாள் காலைச் சிக்கல். எம்-சீலைப் பிசைந்து மெல்லிய திரியாக உருட்டி, கழுத்தைச் சுற்றி வைத்து, ஈரமான ஊசியால் மடிப்புகள் இழுத்தேன். காய்ந்ததும் அது ஒரு கழுத்துத் துண்டு போல இருந்தது. தலைக்கும் உடலுக்கும் இடையே தெரிந்த பிளவையும் மறைத்தது. மற்ற ஏழு பேருக்கும் அறுத்த இடத்தை மறைக்க அதையே செய்ய வேண்டியிருந்தது. எட்டுக்கும் மஞ்சள் காவி நிறம் கொடுத்தேன். சின்னமே வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்த படைக்கு இப்படி ஒரு சின்னம் அமைந்துவிட்டது. மூன்றடி தள்ளி நின்று பார்த்தாலும் இவர்கள் ஒரு கூட்டம் என்று தெரிகிறது. காயத்தை மறைக்கக் கட்டிய துணி அது என்பது எனக்குத் தெரியும் என்பதாலோ என்னவோ, நான் திட்டமிட்டு வரைந்திருக்கக்கூடிய எந்தச் சின்னத்தையும்விட அது எனக்குப் பிடித்திருக்கிறது.

அடிப்பூச்சைத் தூரிகையால்தான் தீட்டினேன். மழைக்காலத்தில் மொட்டைமாடியில் ஸ்ப்ரே அடித்தால் காற்றின் ஈரத்தால் பூச்சு பொடிப்பொடியாகப் படிந்து முகங்களைச் சொரசொரப்பாக்கிவிடும். பெங்களூரில் ஆவணி முதல் கார்த்திகை வரை அந்தத் துணிவு வேண்டாம்.

முகங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் முழுப் பாரமும் இப்போது அந்த ஐந்து மி.மீட்டரின் மேல் விழுகிறது. சதை நிறம் என்ற பெயரில் கடையில் கிடைக்கும் குப்பிகளில் பெரும்பாலானவை வெளிறிய ரோஜா நிறம். இரண்டாண்டுகள் அதையே தீட்டிவந்தேன். விளையாட்டு பனி நாட்டில் நடப்பதால் அதுதான் முறை என்று எண்ணியிருந்தேன். கூலிக்கு வந்தவர்கள் எந்த நாட்டிலிருந்தும் வரலாம் என்பது தலைகளைத் தனித்தனியே கையில் எடுத்த பிறகுதான் உறைத்தது. இப்போது கரும்பழுப்பில் காவி மஞ்சளும் துளி சிவப்பும் கலந்து நடுநிறம் எடுக்கிறேன். நம் தோலின் நிழல் கறுப்பை நோக்கிப் போவதில்லை, செம்பழுப்பை நோக்கிப் போகிறது. அதன் ஒளி வெள்ளையை நோக்கிப் போவதில்லை, மஞ்சளை நோக்கிப் போகிறது. வெள்ளை கலந்தால் முகத்தில் சுண்ணாம்பு பூசியது போலாகிவிடும். கன்னமேடு, மூக்குத்தண்டு, கீழுதடு, புருவமேடு என்று நான்கு இடங்களில் மட்டும் நீர்த்த மஞ்சள் பழுப்பை இரண்டு மூன்று முறை மெல்லப் படரவிட்டால் போதும். ஒருவன் நாற்பதைத் தாண்டியவன், கிருதா நரைத்தவன். ஒருவனுக்கு மீசை முளைக்கும் பருவம். ஒருத்தியின் தலையை மட்டும் என் பாட்டியின் நிறத்திலேயே தீட்டியிருக்கிறேன்.

எவராகவும் ஆகக்கூடிய வீரன் என்பதை இப்போது நான் வேறு விதமாகப் புரிந்துகொள்கிறேன். உடல் எதையும் சொல்லாமல் இருக்கட்டும், கை எந்த வேலையும் செய்யட்டும். முகம் மட்டும் ஒருவருடையதாக, ஒருவருடையதாக மட்டுமே, இருக்க வேண்டும். இதனால் வேலை கூடியிருக்கிறது என்பது உண்மை. ஒவ்வோர் இறப்புக்கும் ஒரு புதிய தலை தீட்ட வேண்டும். இரண்டு மணி நேரம். ஏட்டில் ஒரு வரியை அடிப்பதோடு முடிந்துபோனது இப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. அவ்வளவு நேரமாவது அதற்கு ஆகட்டும் என்றுதான் தோன்றுகிறது.

இறந்தவர்களின் தலைகளைச் கர்நாடகத்தின் சென்னபட்டணத்து அரக்குச் சாயமிட்ட ஒரு குங்குமச் சிமிழில் வைக்கிறேன். மைசூர் போகும் வழியில் ஒருமுறை வாங்கியது. சுழலும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்தி அந்த உராய்வுச் சூட்டிலேயே நிறம் ஏற்றியதால் அதன் பளபளப்பு இன்னும் மங்கவில்லை. இதுவரை உள்ளே ஐந்து பேர். முதலில் போனவன் அந்த வில்லாளி.

தை மாதத்தில் மறுபடியும் அக்கா வீட்டில் ஆடினோம். என் காலாள் பாழடைந்த கோபுரத்தடியில் வீழ்ந்தான். ஆட்டம் முடிந்து பகடையை அக்கா மகளிடமே கொடுத்தேன். மூன்று விழுந்தது. அவள் ஒன்றும் பேசாமல் தலையைக் கழற்றிச் சிமிழில் வைத்தாள். பிறகு டப்பாவில் இருந்த தலைகளை மேசையில் பரப்பி, அடுத்து வருகிறவனைத் தேர்ந்தெடுக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். வேறொரு பெட்டியில் மிஞ்சிய, முகம் முழுவதும் மூடிய இரும்புத் தலைக்கவசம் ஒன்று அதில் இருந்தது. கண்ணிருக்கும் இடத்தில் ஒரு கீறல் மட்டும். அதை விளக்கில் காட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள யாரு மாமா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். அதைத் தனியே எடுத்து ஒதுக்கி வைத்துவிட்டு, மீசை முளைக்கும் பையனின் தலையை எடுத்து உடலில் வைத்து, கோபுரம் இருந்த திசையிலிருந்து கொஞ்சம் அப்பால் பார்க்கும்படி திருப்பிவிட்டாள்.